பீன் பேக்: அவரைப் பை வேண்டாம், மணித்திண்டு எப்படி?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உள்ளே சிறு மணிகள் நிரப்பிய பை போன்ற இருக்கையான பீன் பேக்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வந்த எல்லாச் சொற்களையும் எடுத்துப் பேசப் போவதில்லை. எனக்கு உறுத்திய இரண்டைப் பற்றியும், எனக்குத் தோன்றிய ஒன்றைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

> அவரைப் பை என்றே வைக்கலாமே, ஆங்கிலத்தில் அப்படித்தானே இருக்கிறது

வேண்டாம் ஐயா. அதற்குள் அவரையும் இல்லை, மொச்சையும் இல்லை. நாம் கடையில் பார்க்கிற இந்த இருக்கைகளுக்கெல்லாம் மூத்தது இத்தாலியில் பிறந்தது. தூரின் நகரத்தைச் சேர்ந்த பியேரோ கத்தி, செசாரே பவுலினி, பிராங்கோ தியோதோரோ என்ற மூன்று பேர் சேர்ந்து வடிவமைத்தார்கள், ட்சனோத்தா நிறுவனம் 1968-இல் அதைத் தயாரித்தது. அவர்கள் வைத்த பெயர் சாக்கோ, அதாவது மூட்டை. முதலில் ஓர் உறைக்குள் திரவத்தை நிரப்பலாம் என்றுதான் யோசித்திருக்கிறார்கள். எடை மிகக் கூடிவிடும், நிரப்புவதும் பெரும்பாடு என்று தெரிந்த பிறகு பாலிஸ்டைரீன் மணிகளுக்கு வந்தார்கள். நாம் தெர்மாகோல் என்று சொல்கிறோமே, அதுதான், பலகையாக இல்லாமல் உருண்டை உருண்டையாக. ஜிப்பைத் திறந்து ஒரு கை அள்ளிப் பாருங்கள், ஊறிய ஜவ்வரிசி மாதிரி இருக்கும், ஆனால் எடையே இருக்காது, கையை எத்தனை முறை உதறினாலும் நாலு மணி ஒட்டிக்கொண்டே வரும்.

> சாக்கிருக்கை. இத்தாலியப் பெயருக்கும் நெருக்கம்

இது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. நம் சாக்கே ஐரோப்பியர் வழியாக வந்த சொல்தான், இத்தாலியச் சாக்கோவுக்கு உறவு முறை. ஆனாலும் நம் வீடுகளில் சாக்கு என்றால் கோணிதான் கண் முன் வரும், அடுத்தபடியாக "சாக்குச் சொல்லாதே" என்பது வரும். நல்ல தோல் உறை போட்டு வாங்கி வைத்த பொருளை யாரும் வாய் நிறைய சாக்கு என்று சொல்ல மாட்டார்கள். அதைவிட முக்கியமாக, அந்த இருக்கை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி இந்தச் சொல் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த வேலைதான் எனக்கு இதில் பெரிய விஷயம். சின்ன வயதில் அறுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். வாய் தைத்த மூட்டை மேல் உட்கார்ந்தால் கல் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் வலிக்கும். கொஞ்சம் அள்ளி எடுத்த மூட்டையில் உட்கார்ந்தால் கதையே வேறு: நெல் இடுப்புக்கு அடியில் விலகி, முதுகுப் பக்கம் மேடாக ஏறி, அப்புறம் அசையாமல் நின்று நம்மைப் பிடித்துக்கொள்ளும். சாக்கோவிலும் நடப்பது இதுதான். உறை முழுக்க நிரப்பப்படுவதில்லை, உட்காரும்போது மணிகள் நீர் மாதிரி ஓடுகின்றன, எடை இறங்கியதும் ஒன்றோடொன்று நெருக்கி இறுகிவிடுகின்றன. எழுந்து தட்டிவிட்டால் மறுபடி தளர்ந்துவிடும். கால், கை, முதுகுப் பலகை, சட்டம் எதுவும் இல்லாமலே உடம்புக்கு ஏற்ற நாற்காலி கிடைத்துவிடுகிறது. 1957-இல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோ போந்தி வெறும் 1.7 கிலோ எடையில் சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலியைச் செய்தபோதுகூட நாலு காலும் ஒரு முதுகும் இருந்தன. பதினோரு வருடத்தில் அவையும் போய்விட்டன! 1972-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இத்தாலிய வீட்டுப் பொருள்களுக்கென்றே நடத்திய பெரிய கண்காட்சியில் சாக்கோவும் இருந்தது. 2020-இல் வடிவமைப்புக்கான இத்தாலியின் தங்கக் கவராய விருதும் (கொம்பாசோ தோரோ) அதற்குக் கிடைத்தது.

ஆக, இந்தப் பொருளின் உயிர் மணியில் இருக்கிறது, அதனால் சொல்லிலும் மணி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நெல்மணி, கோதுமை மணி என்கிறோம், எனவே கோயில் மணியோடும் கடிகார மணியோடும் குழம்பாது. அதோடு எதைச் சேர்ப்பது? மூட்டை சுமையாக இருக்கிறது, பொதி கழுதையை நினைவூட்டுகிறது. எனக்குத் தோன்றியது திண்டு.

மணித்திண்டு.

திண்டு சாய்ந்துகொள்வதற்குத்தானே, உட்காருவதற்கு எப்படி என்று கேட்பீர்கள். ஜமக்காளம் விரித்துச் சாய்ந்துகொள்ளும் திண்டும் திண்டுதான், கிணற்றடியிலும் வாசலிலும் நாம் போய் உட்காருகிற மேடும் திண்டுதான். ஒரே சொல்லில் சாய்வதும் உட்காருவதும் இருக்கிறது. சாக்கோவில் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது, உட்காரும்போதே சாய்ந்துவிடுகிறோம். இதைவிடப் பொருத்தமாக நான் தேடியவரை கிடைக்கவில்லை.

இன்னொரு வசதி, கூட்டுச்சொல் எளிதாக வருகிறது: மணித்திண்டு உறை, தோல் மணித்திண்டு, குழந்தைகள் மணித்திண்டு. "மணித்திண்டு அமுங்கிப்போச்சு, மணி போட வேண்டும்" என்று சொன்னால் இடறவில்லை. சில வருடத்தில் மணிகள் நசுங்கித் திண்டு தாழ்ந்துவிடும் என்பதால் இந்த வாக்கியம் எல்லா வீட்டிலும் வரத்தான் போகிறது. 1967-இல் வந்த புளோ என்ற ஊதி உட்காரும் பிவிசி நாற்காலிக்கும் சொல் கேட்டிருந்தீர்கள், அதற்குக் காற்றிருக்கை போதும்.

சொல்லை உங்களுக்கு அனுப்பும் முன் எங்கள் தெருவில் மெத்தை தைப்பவரிடம் போய், வேறு விளக்கம் எதுவும் சொல்லாமல், "ஒரு மணித்திண்டு தைத்துத் தர முடியுமா?" என்று மட்டும் கேட்டுப் பார்த்தேன். ஊசியைக் கீழே வைக்காமலே, "உள்ளே என்ன மணி, தெர்மாகோலா?" என்றார்.

அன்புடன்.