மருமகளிடம் கேட்ட கேள்விக்கு மாமனார் பதில் சொன்னால் எதை எழுதுவது? (பல நாட்டு ஜனநாயகக் கருத்தாய்வு)

வேலந்தாவளம் கள ஊழியர்:

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறேன். தமிழ், மலையாளம் இரண்டும் சரளமாக வரும் என்பதால் கருத்துக்கணிப்பு வேலைகளுக்குக் கூப்பிடுவார்கள். சோப்பு, டீத்தூள், தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது வந்திருப்பது, ஒரே கேள்வித்தாளை வைத்துப் பல நாடுகளில் நடத்தும் ஆய்வு. ஜனநாயகம், மதம், பெண்களின் உரிமை, அண்டை வீட்டார்மேல் நம்பிக்கை என்று கேள்விகள் நீண்டுகொண்டே போகும். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கூலிக்குப் போகும் ஒரு பெண்ணிடம் வந்து, நாட்டை எப்படி ஆள வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று எங்கள் பக்கத்தில் யார் கேட்டார்கள்? அதனாலேயே சரியாகச் செய்ய வேண்டும் என்ற கவலையும் கூடவே வருகிறது.

வீட்டில் 18 வயது நிரம்பியவர்களை வரிசையாகப் பதிந்தால், யாரிடம் பேச வேண்டும் என்று டேப்லெட் காட்டும். எருத்தேம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் மருமகளைக் காட்டியது. திண்ணையில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் பெரியவன் நான் இருக்கும்போது அவளிடம் என்ன கேள்வி?" என்றார் மாமனார். விளக்கிச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை. நாடாளுமன்றம், தேர்தல் எதைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லாத வலுவான தலைவர் ஒருவர் நாட்டை ஆள்வது மிக நல்லதா, ஓரளவு நல்லதா, ஓரளவு கெட்டதா, மிகக் கெட்டதா என்று கேட்டு அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் அட்டையைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தார். "மிக நல்லது என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் அவர். அந்தப் பெண்ணும் தலையசைத்தார். அப்படியே பதிந்தேன்.

சற்று நேரத்தில் மின்சாரம் வந்தது. மோட்டார் போட மாமனார் தோட்டத்துக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் அந்தப் பெண் என்னிடம், "தேர்தலே இல்லையென்றால் வார்டு மெம்பர் எங்கள் வாசலுக்கு எதற்கு வரப்போகிறார்? பைப்பில் தண்ணீர் வராததை யாரிடம் சொல்வது?" என்றார்.

அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போய்ப் பதிலை மாற்ற வழி இருக்கிறது. மாற்றலாமா?

இன்னொன்று. டேப்லெட் காட்டும் ஆண்களில் பலர் கோவைப் பக்கம் வேலைக்குப் போய்விட்டு இரவில்தான் திரும்புகிறார்கள். "ஆள் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போங்கள், கணக்கு முடிய வேண்டும்" என்கிறார் மேற்பார்வையாளர். முடித்த நேர்காணலுக்குத்தான் எங்களுக்குக் கூலி. இப்படிச் சேரும் பதிலை ஜெர்மனி, கென்யா பதில்களோடு ஒரே அட்டவணையில் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களியக்காவிளை வாசகர்:

இதெல்லாம் வீண் வேலை, சகோதரி. 2024 தேர்தலில் 97 கோடி வாக்காளர் இருந்த நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடம் கேட்டுவிட்டு "இந்தியர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதிவிடுவார்கள். என்னிடமோ என் தெருவில் யாரிடமோ இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை.

நகரி ஆசிரியர்:

ஆந்திர எல்லையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். களியக்காவிளை நண்பரின் சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணிக்கை குறைவு என்பதல்ல இங்கே சிக்கல். குலுக்கல் முறையில் ஒழுங்காகப் பொறுக்கிய 1,200 பேரின் பதில், நாட்டின் உண்மை நிலையிலிருந்து ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிக்குள்தான் விலகும். 100 முறை எடுத்தால் 95 முறை அப்படி. நாட்டில் 3 கோடிப் பேர் இருந்தாலும் 97 கோடிப் பேர் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பொறுக்கும் முறை கெட்டால் லட்சக்கணக்கில் கேட்டாலும் பயன் இல்லை. 1936இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் பெற்று, லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரிகளை எடுத்தது ஒரு கோளாறு. பதில் போட மெனக்கெட்டவர்களின் பதில் மட்டும் வந்து சேர்ந்தது இன்னொரு கோளாறு.

உங்கள் மேற்பார்வையாளர் சொல்வதும் அதே வழிதான், அம்மா. பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் சேர்த்தால் மில் தொழிலாளி, லாரி ஓட்டுநர், கொத்தனார் எல்லோரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். அவர்களுடைய கருத்து வீட்டில் இருப்பவர்களின் கருத்தைப் போலவே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? டெல்லியின் லோக்நீதி அமைப்பு தன் ஆய்வுகளில் வாக்காளர் பட்டியலிலிருந்தே பெயர்களைப் பொறுக்கி எடுக்கும். பட்டியலில் உள்ள அந்த ஆளைத்தான் தேடிப்போக வேண்டும்.

ஒன்றை மட்டும் நண்பர் சொல்வது சரி என்று ஏற்கிறேன். 97 கோடியில் 1,200 என்றால் எட்டு லட்சம் வாக்காளருக்கு ஒருவர். அந்த எண்ணை வைத்து "எல்லைத் தமிழர் இப்படி நினைக்கிறார்கள்" என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நாட்டுக்கு எடுத்த மாதிரி நாட்டைப் பற்றித்தான் பேசும்; உங்கள் பாலக்காட்டுச் சித்தூருக்கோ எங்கள் நகரிக்கோ தனியாக எடுக்க வேண்டும்.

இனி, ஜெர்மனியோடு ஒப்பிடுவது. ஒரே கேள்விக்கு இரண்டு நாட்டார் வெவ்வேறு அளவுகோலை மனதில் வைத்துப் பதில் சொல்வார்கள். 2004இல் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் கேரி கிங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை ஒன்றை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அரசாங்கத்தைச் செயல்பட வைப்பதில் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். மெக்சிகோவில் அப்போதுதான் எழுபது ஆண்டுகளாக ஆண்ட கட்சியை மக்கள் வாக்குப் போட்டு இறக்கியிருந்தார்கள். ஆனாலும் தங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னவர்கள் சீனர்கள்தான்.

பிறகு அதே ஆட்களிடம் சில கற்பனை மனிதர்களைப் பற்றிச் சொல்லி, அவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டார்கள். ஒருவருக்கு நல்ல குடிநீர் கிடைக்கவில்லை; வாக்குரிமையும் இல்லை; வாயை மூடிக்கொண்டு சகித்துக்கொள்கிறார். இன்னொருவருக்கும் குடிநீர் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து எதிர்க்கட்சி வேட்பாளருக்கு வேலை செய்கிறார். சீனாவில் கணிசமானவர்கள் தங்களை அந்த வாய் மூடிய மனிதருக்கும் கீழேதான் வைத்திருந்தார்கள். இந்த அளவுகோலால் திருத்தியதும் முடிவு தலைகீழாயிற்று. பைப்பில் வராத தண்ணீரைப் பற்றி உங்களிடம் பேசிய அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்தக் கட்டுரைதான் நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது புலம்பல் இல்லை. தன் பேச்சுக்கு எங்கே மதிப்பு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

குமுளி, ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

ஏலத்தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களில் நிறைய ஆய்வுகளை நடத்தியவள் நான். தங்கச்சி, உன் முதல் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். உன் விருப்பத்துக்கு மாற்றாதே. மாமனார் போன பிறகு அந்தக் கேள்வியை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மறுபடியும் அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டியிருக்க வேண்டும். அட்டையில் அவர் எதைத் தொடுகிறாரோ அதைப் பதி. வார்டு மெம்பரைப் பற்றி அவர் பேசியதை வைத்து "மிகக் கெட்டது" என்று நீயாக முடிவு கட்டினால், மாமனார் செய்த வேலையைத்தான் நீயும் செய்கிறாய்.

பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பது எல்லா நாட்டிலும் உள்ள தொல்லை. ஆப்பிரிக்க நாடுகளில் 1999 முதல் ஆய்வு நடத்தும் ஆப்ரோபாரோமீட்டர், நேர்காணலை யாராவது கேட்டுக்கொண்டிருந்தார்களா என்பதையும் கள ஊழியரைப் பதியச் சொல்கிறது. "எங்களை யார் அனுப்பினார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று பதில் சொன்னவரையும் கேட்கிறது. நாம் எத்தனை முறை சொன்னாலும் அரசாங்கம் அனுப்பிய ஆள் என்றே பலர் நினைப்பார்கள். அப்படி நினைப்பவர் ஆளுங்கட்சியைப் பற்றி மனம் திறப்பாரா? லயன்களில் எங்களைக் கண்டதும் ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டுவார்கள். அதை நீட்டிய கையிடம் அடுத்து என்ன கேட்டாலும் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். அதனால் முதல் பத்து நிமிடம் நாங்கள் யார் என்பதைச் சொல்வதிலேயே போகும். போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

லோக்நீதி ஆட்கள் வாக்குக் கேள்வியை வாயால் கேட்காமல் மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்வார்கள். அது அருமையான ஏற்பாடு. எந்த மாமனாராலும் எட்டிப் பார்க்க முடியாது.

"தெரியாது" என்று ஒருவர் சொன்னால் அதையும் பதில் என்று மதித்துப் பதி. கூலி போய்விடுமே என்று ஆளைத் துருவித் துருவி ஓர் எண்ணைப் பிடுங்காதே. 1 முதல் 10 வரை உள்ள அட்டையைக் காட்டினால் பாதிப் பேர் 10ஐத் தொடுவார்கள், பரீட்சை மார்க் என்று நினைத்து. கடைசிவரை பொறுமையாக விளக்கு.

வேலந்தாவளம் கள ஊழியர்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. மேற்பார்வையாளரிடம் பேசினேன். ஆள் இல்லாத வீடுகளுக்கு இரவு ஏழு மணிக்கு மேலும் ஞாயிறு காலையிலும் திரும்பப் போகிறேன், பஸ் செலவை மட்டும் தாருங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். மருமகள் வீட்டுக்கும் மறுபடி போகிறேன்.

களியக்காவிளை அண்ணன் வீண் வேலை என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 24 நாடுகளில் கேட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் ஆள்வது நல்ல முறை என்றவர்கள், நாடுகளின் இடைநிலைக் கணக்கில் (நாடுகளின் எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 77 சதவீதம். தங்கள் நாட்டில் ஜனநாயகம் நடக்கும் விதத்தில் திருப்தி இல்லை என்றவர்கள் 59 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மக்கள் முறையை வெறுக்கவில்லை, நடத்துகிறவர்கள்மேல்தான் கோபம் என்று எனக்குப் படுகிறது. யாராவது படியேறிப் போய்க் கேட்காமல் இது எப்படித் தெரிய வரும்? தேர்தலில் நாம் பட்டனை அழுத்துவது யாருக்கு என்பதுதான் எண்ணப்படுகிறது. ஏன் என்பதை எங்கும் எண்ணுவதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எங்கள் பக்கம் மழைமறைவுப் பிரதேசம். ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணை வழியாகக் கால்வாயில் வந்தால் ஊரின் முகமே வேறு. வாய்க்கால் காய்ந்த மாதத்தில் "அரசின்மீது நம்பிக்கை உண்டா?" என்று கேட்டால், என்ன பதில் வரும் என்று கேட்பதற்கு முன்பே தெரியும். இதற்கு என்ன செய்வது?

நகரி ஆசிரியர்:

ஒரு மாதத்தின் பதிலை ஐந்தாண்டு நிலைமையாகப் படிக்கக் கூடாது. அதற்காகத்தான் நல்ல ஆய்வுகள் களப்பணி எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது என்பதை அறிக்கையிலேயே போடுகின்றன. பல நாடுகளில் நடக்கும் உலக விழுமியங்கள் ஆய்வு (World Values Survey) 1981 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டு வருவதும் இதற்காகத்தான். "ஜனநாயகம் நல்லதா?" என்ற கேள்விக்கு வாய்க்கால் நிறைந்தாலும் காய்ந்தாலும் பதில் அவ்வளவாக மாறாது. "இந்த அரசின்மீது நம்பிக்கை உண்டா?" என்பது மாறும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாகப் பதியுங்கள். வாய்க்காலில் தண்ணீர் இருந்ததா என்பதைக் குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கள், படிப்பவருக்கு உதவும்.

குமுளி, ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன்னால் போய்விடு, தங்கச்சி. அதற்கு மேல் போனால் ஆண்கள் கறிக்கடைக்கும் சந்தைக்கும் கிளம்பிவிடுவார்கள்.