பெட்ரோல் பங்க்கில் வேலை செய்யும் தம்பிக்காக ஓர் உதவி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். திருச்சி அருகே ஒரு பெட்ரோல் பங்க்கில் 11 ஆண்டுகளாக வேலை செய்யும் என் தம்பிக்காக இதை எழுதுகிறேன். நாள்தோறும் காலையில் அடர்த்தி பார்ப்பதற்காகக் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் பிடித்து ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுவதும், நிலத்தடித் தொட்டியில் இறக்கிய அளவுகோலை வெறுங்கையால் துடைப்பதும் அவன் பொறுப்பு. துவைத்துக் காயப்போட்ட சட்டையிலும் அந்த வாடை போவதில்லை. சில மாதங்களாகத் தலைவலியும் சோர்வும் இருந்ததால் இரத்தப் பரிசோதனை செய்தோம். வெள்ளையணுக்கள் 3,400 என்று, இயல்பைவிடக் குறைவாக வந்திருக்கிறது. மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாரே தவிர, என்ன தொழில் என்று கேட்கவேயில்லை.

பெட்ரோலில் உள்ள பென்சீன் நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து இரத்த அணுக்களைக் குறைக்கும் என்பதும், இரத்தப் புற்றுநோய்க்கும் காரணமாகும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டவை. இப்போதைய மாசுக் கட்டுப்பாட்டுத் தரமான பிஎஸ்-6 பெட்ரோலிலும் 1 சதவீதம் வரை அதற்கு அனுமதி உண்டு. துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

உடலில் பென்சீன் சேர்ந்திருப்பதைக் காட்டும் மியூகோனிக் அமிலத்தைச் சிறுநீரில் அளந்து தரும் ஆய்வகம் தமிழ்நாட்டில் எங்கே உள்ளது, முதலில் இரத்தவியல் மருத்துவரைப் பார்ப்பதா, தொழில்சார் நோய் மருத்துவரைப் பார்ப்பதா என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டத்தில் உள்ள தொழில்சார் நோய்களின் பட்டியலில் பென்சீன் நச்சுப் பாதிப்பு இடம்பெற்றிருக்கிறது. பங்க் ஊழியருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வழியாக அந்த அடிப்படையில் இழப்பீடு பெற்றவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். வேலையை விடச் சொல்வது எளிது. அவன் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.