என்ஜிசி 628: ஹைட்ரஜன் குறைந்த இடத்தில் விண்மீன் அதிகமா?

கேள்வி (மாணவி, பெங்களூரு)
என்ஜிசி 628 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தைப் பார்க்கிறேன். பயலாலுவில் உள்ள இஸ்ரோ தரவுக் காப்பகத்தில் இறக்கிய, ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் யூவிஐடி தொலைநோக்கி எடுத்த தொலைபுறஊதாப் படத்தையும், திங்ஸ் என்ற ரேடியோ சர்வேயின் 21 செ.மீ. மொமெண்ட்-0 வரைபடத்தையும் (அணு ஹைட்ரஜன் உமிழும் ரேடியோ ஒளியின் மொத்த அளவு) பிக்சல் பிக்சலாக ஒப்பிடுகிறேன். அணு ஹைட்ரஜனின் (எச்ஐ) பரப்படர்த்தி சதுர பார்செக்குக்கு 6,000 சூரிய நிறை என்று வருகிறது. அதைவிடக் குழப்பம்: மையத்தில் எச்ஐ குறைவு, புறஊதா ஒளியோ அங்கேதான் பளிச். ஏன்?

பதில் 1
முதல் சிக்கல் அலகில் இருக்கு. திங்ஸ் வரைபடம் ஜான்ஸ்கி/பீம் × மீட்டர்/நொடியில் வரும் (ஜான்ஸ்கி ரேடியோ ஒளியின் அலகு; பீம்னா தொலைநோக்கி பிரிச்சுக் காட்டக்கூடிய மிகச் சிறிய பகுதி). கிலோமீட்டர்னு எடுத்தா விடை 1000 மடங்கு ஏறிடும். முதல்ல 1000-ஆல் வகுங்க. அப்புறம் 6.07×10⁵-ஆல் பெருக்கி, பீமின் இரு அச்சுகளின் பெருக்கத்தால் (ஆர்க்செகண்டில், அதாவது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கில்) வகுத்தா கெல்வின் கி.மீ./நொடி. அதை 0.020 × காஸ்(வட்டின் சாய்வு)-ஆல் பெருக்குங்க. இந்த 0.020-க்குள்ளேயே ஹீலியத்துக்கான 1.36 திருத்தம் அடக்கம், மறுபடி பெருக்காதீங்க. உங்க 6,000 உண்மையில 6. நியாயமான அளவுதான்.

பதில் 2
இரண்டாவது சிக்கலே இல்லை, அதுதான் இயற்பியல். விண்மீன்கள் நேரடியா எச்ஐ-யிலிருந்து பிறக்கிறதில்ல, குளிர்ந்த மூலக்கூறு ஹைட்ரஜனிலிருந்துதான். சுருள் விண்மீன் மண்டலங்கள்ல எச்ஐ சுமார் 9 சூரிய நிறை/சதுர பார்செக்கைத் தாண்டுறது அபூர்வம். அதுக்கு மேல சேர்ற வாயு, தூசியின் மறைப்பில் மூலக்கூறா மாறிடும். இது 2008 முதலே தெளிவா இருக்கு. அதனால மையத்துக்கு, மூலக்கூறு ஹைட்ரஜன் இருக்கிற இடத்தைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு வரைபடமும் சேர்த்தே ஆகணும். அந்த மூலக்கூறு வாயு விண்மீன்களா மாறித் தீர ஏறக்குறைய 200 கோடி ஆண்டு ஆகும். வெளி வட்டில் கதை வேற: அங்க வாயு பெரும்பாலும் எச்ஐ, புறஊதாவும் அதைத் தொடரும், ஆனா எச்ஐ தீர ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதையே தாண்டும்.

இன்னொன்று. இளம் விண்மீன்களின் புறஊதா ஒளி மூலக்கூறுகளை உடைச்சு எச்ஐ-யை உண்டாக்கும். பக்கத்துல எச்ஐ தெரிஞ்சா, அது விளைவாகவும் இருக்கலாம்.

பிக்சல் ஒப்பீட்டை விடுங்க. தொலைபுறஊதா சுமார் 10 கோடி ஆண்டுவரை பிறந்த விண்மீன்களைக் காட்டும். நொடிக்கு 5 கி.மீ. வேகத்தில் அவை 500 பார்செக் நகர்ந்திருக்கும். சுமார் 98 லட்சம் பார்செக் தொலைவுல அது ஏறக்குறைய 10.5 ஆர்க்செகண்ட். இரண்டு படத்தையும் 15 ஆர்க்செகண்டுக்கு மழுங்கடிச்சு, பீமுக்கு ஒரு புள்ளி எடுங்க.

கேள்வி கேட்டவர்
ஜிஎம்ஆர்டி (புனே அருகிலுள்ள ரேடியோ தொலைநோக்கி வரிசை) தரவை வைத்தும் இதையே செய்யலாமா?

பதில் 1
குள்ள விண்மீன் மண்டலங்களுக்கு அருமை. 628 போல அகலமான வட்டுக்குக் கவனம் தேவை: மிகக் குறுகிய ஆன்டெனா இடைவெளி சுமார் 100 மீட்டர், அதனால ஒரே அலைவரிசைச் சேனலில் 7 ஆர்க்மினிட்டுக்கு மேல் விரிந்த ஒளிர்வு தப்பிப்போகும். வட்டைச் சுற்றி எதிர்மறைக் குழி தெரிஞ்சா அதுதான் அடையாளம். மொத்த ஃபிளக்ஸை ஒற்றை டிஷ் அளவோட ஒப்பிட்ட பிறகே பரப்படர்த்தி கணக்கிடுங்க.