இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மருத்துவருக்கு முன் மருந்தகம்

காலை எட்டு மணிக்கே ஜிபி (குடும்ப மருத்துவர்) அலுவலகத்திற்குத் தொலைபேசியில் அழைத்தும் இடம் கிடைக்கவில்லை என்று இங்கே பலர் வருந்துவதால் இதை எழுதுகிறேன். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் 'பார்மசி ஃபர்ஸ்ட்' என்ற திட்டம் நடைமுறையில் உள்ளது. தொண்டை வலி, சைனஸ் அழற்சி, குழந்தைகளின் காது வலி, சீழ் வைத்த பூச்சிக்கடி, இம்பெட்டிகோ என்னும் தோல் தொற்று, அக்கி, பெண்களின் சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் மருந்தாளுநரே தனியறையில் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளைத் தருவார். வயது வரம்புகள் உண்டு: சிறுநீர்த் தொற்றுக்கு 16 முதல் 64 வரை, அதுவும் கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு மட்டும், காது வலிக்கு 1 முதல் 17 வரை.

ஒன்றும் வாங்காமல் ஆலோசனை மட்டும் கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூச்சம் தேவையில்லை. இதற்கென 2023 மே மாதத்தில் அரசு இரண்டாண்டுகளுக்கு 645 மில்லியன் பவுண்டு வரை அறிவித்தது. தொடக்கத்தில் ஓர் ஆலோசனைக்கு 15 பவுண்டு மருந்தகத்திற்குக் கொடுத்தது. ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: மேற்சொன்ன ஏழுக்கு நேரே போகலாம், மற்ற சிறு உபாதைகளுக்கு ஜிபி அலுவலகமோ 111 என்ற மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையோ முறைப்படி அனுப்பிவைத்தால்தான் மருந்தகத்திற்குப் பணம் கிடைக்கும். ஆகவே, ஜிபி வரவேற்பாளர் "மருந்தகத்துக்குப் போங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால், பரிந்துரையை மின்வழியில் அனுப்பும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஆலோசனை இலவசம், மருந்து எல்லோருக்கும் இலவசமன்று. விலக்கு இல்லாத பெரியவர்கள், விசாவுடன் சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தாலும், ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு செலுத்த வேண்டும். 16 வயதுக்குட்பட்டோர், 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர், விலக்குச் சான்றிதழ் வைத்திருக்கும் கர்ப்பிணிகள் செலுத்த வேண்டியதில்லை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இந்த மருந்துக் கட்டணமே கிடையாது. அங்குள்ள மருந்தகத் திட்டங்களின் விதிகளும் வேறு.

ஊரில் மெடிக்கல் கடையில் பழைய மாத்திரை அட்டையைக் காட்டி "இதில் ஐந்து கொடுங்கள்" என்று கேட்கும் பழக்கம் இங்கே செல்லாது. தொண்டை வலி என்று போனால், காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக வலிக்கிறது என்றெல்லாம் விசாரித்து மதிப்பெண் போட்டுப் பார்த்துவிட்டு, வெறும் பாராசிட்டமால் போதும் என்று அனுப்பிவிடக்கூடும். அதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 40 வயதைக் கடந்தவர்கள், போகும் நாளிலேயே இலவச ரத்த அழுத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளலாம்.