பழைய பங்களா ஜன்னல் கண்ணாடி: திண்மமா, திரவமா?

மஸ்கெலியா மழை:
தோட்டத்துப் பழைய பங்களாவில் ஜன்னல் சட்டங்களை மாற்றுகிறார்கள். கழற்றி வைத்த கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த புட்டிப் பசை ஒட்டியிருந்த அடி விளிம்பு தடிப்பு. மேல் விளிம்பு விரலால் தடவினாலே தெரியும் அளவுக்கு மெல்லியது. அதன் வழியே பார்த்தால் எதிர்மலைத் தேயிலை நிரைகள் நெளிகின்றன. வெள்ளைக்காரன் காலத்துக் கண்ணாடி. நின்ற இடத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கியிருக்கிறது. கண்ணாடி திரவம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஹட்டன் பௌதிகம்:
இந்தக் கதைக்குச் சாவே கிடையாது. கண்ணாடி இறங்கவில்லை, செய்த நாளிலேயே அப்படித்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜன்னல் கண்ணாடியை ஊதித்தான் செய்தார்கள். ஊதிய குமிழைச் சுழற்றித் தட்டாக விரிப்பது ஒரு முறை. நீண்ட உருளையாக ஊதி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துப் படுக்க வைப்பது இன்னொன்று. இரண்டிலும் தடிப்புச் சீராக வராது. நெளிவும் அங்கேயே பிறந்ததுதான். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமமாக்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்தது 1959இல்தான்.

பண்டாரவளை பாஸ்:
நான் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். தடித்த பக்கம் கனம். அதைக் கீழே வைத்தால் சட்டத்தில் ஒழுங்காக உட்காரும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தடித்த பக்கம் மேலே இருந்த கண்ணாடிகளையும் பழைய வீடுகளில் கழற்றியிருக்கிறேன். அவை என்ன, மேல்நோக்கியா ஒழுகின?

மஸ்கெலியா மழை:
பாஸ் அண்ணன், கேலி வேண்டாம். நூறு வருடம் போதாது என்றே வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் நிறக்கண்ணாடி ஜன்னல்கள் தொப்பை போட்டுத் தொங்குகின்றனவே, அதற்கு என்ன பதில்?

ஹட்டன் பௌதிகம்:
தொங்குவது ஈயம். நிறக்கண்ணாடித் துண்டுகளைக் கோத்துப் பிடிப்பது ஈயக் கீற்றுகள். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயத்துக்குப் போகிறவர்கள் ஜன்னலில் துண்டுகளுக்கிடையே ஓடும் கறுப்புக் கோடுகளைப் பாருங்கள். ஈயம் 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும்; அதனால் அறை வெப்பநிலையில்கூடச் சொந்தப் பாரத்தில் மெல்ல நீள்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஈயம் அணுக்கள் வரிசையாக அடுக்கிய பளிங்குத் திண்மம். பனியாறும் பளிங்குதான், மலைச்சரிவில் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. இறங்குவதை வைத்துத் தீர்ப்பெழுதினால் முதலில் ஈயத்தைத்தான் திரவம் என்று எழுத வேண்டும்!

கணக்கும் இருக்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் இடைக்காலக் கண்ணாடியை ஒத்த சேர்க்கையில் கண்ணாடி செய்து பிசுக்குமையை, அதாவது ஒழுக எவ்வளவு மறுக்கிறது என்பதை, அளந்தார்கள். அறை வெப்பநிலையில் நூறு கோடி வருடத்தில் அது ஒழுகக்கூடியது கூடிப்போனால் ஒரு நனோமீற்றர்.

நானுஓயா இரசாயனம்:
ஹட்டன் சேர், ஜன்னல் கதையில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை. "ஒழுகவில்லை, ஆகவே திண்மம்" என்று கதவைச் சாத்துகிறீர்களே, அதைத்தான் மறுக்கிறேன். நீர் 0 பாகையில் பனிக்கட்டியாகும்போது மூலக்கூறுகள் வரிசைக்கு வந்துவிடுகின்றன. கண்ணாடிக்கு அப்படியொரு படியே கிடையாது. ஆறும்போது, நுவரெலியாக் குளிரில் வைத்த கித்துள் பாணி போல இறுகிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 550 பாகையில் அணுக்கள் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. உள்ளே திரவத்தின் அதே ஒழுங்கின்மை.

மாட்டிக்கொண்டவை அடங்கிக் கிடப்பதுமில்லை. ஜேம்ஸ் ஜூல் தன் வெப்பமானியின் பூச்சியக் குறியை 1844 முதல் 38 வருடம் கவனித்தார். குமிழின் கண்ணாடி சுருங்கச் சுருங்க, அந்தக் குறி ஏறிக்கொண்டே வந்தது. கைத்தொலைபேசிகளுக்கான கொரில்லா கண்ணாடி அறை வெப்பநிலையிலேயே அளக்கக்கூடிய அளவுக்குச் சுருங்குவதை 2013இல் அதைச் செய்யும் கோர்னிங் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கண்ணாடி ஆய்வாளர்கள் எட்கார் சனோட்டோவும் ஜோன் மவ்ரோவும் 2017இல் கொடுத்த வரையறையும் இதையே சொல்கிறது: குறுகிய காலத்தில் திண்மமாகத் தோன்றும், ஆனால் திரவ நிலையை நோக்கி ஓயாமல் தளர்ந்துகொண்டிருக்கும். உலைக்களமே பார்க்காத ஆட்கள் எழுதியதல்ல அது.

ஹட்டன் பௌதிகம்:
சுருங்குவது வேறு, ஒழுகுவது வேறு. கொங்கிறீட்டும் வருடக்கணக்கில் சுருங்குகிறது. என் அளவுகோல் ஒன்றுதான்: பாரம் ஏற்றினால் வடிவத்தைக் காக்கிறதா? 1897இல் திறந்த யெர்க்ஸ் வான்நோக்ககத்தின் 40 அங்குல வில்லை நூறு வருடத்துக்கு மேல் நட்சத்திரம் பார்க்க உதவியது. கண்ணாடி ஒழுகுமானால் அந்த வில்லை எப்போதோ கெட்டிருக்கும்.

நானுஓயா இரசாயனம்:
எவ்வளவு காலம் பாரம் ஏற்றுகிறீர்கள் என்பதைச் சொல்லாத அளவுகோல் அரைகுறை, சேர். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய கீல் (தார் போன்ற கறுப்புப் பிசின்) பரிசோதனையை எடுங்கள். அந்தக் கீலைச் சுத்தியலால் அடித்தால் சிதறும். புனலில் விட்டால் சொட்டும். 2014 வரை ஒன்பது துளிகள்.

ஹட்டன் பௌதிகம்:
கீலின் துளி விழுந்தது. கண்ணாடியின் துளி விழட்டும், பிறகு பேசுவோம்.

லிந்துலை மாணவன்:
சேர், அக்கா, சாதாரண தரப் பரீட்சையில் கேட்டால் எதை எழுதுவது?

ஹட்டன் பௌதிகம்:
பளிங்குருவற்ற திண்மம்.

நானுஓயா இரசாயனம்:
அதையே எழுதுங்கள் தம்பி, புள்ளி கிடைக்கும். பல்கலைக்கழகம் போனதும் ஜூலின் வெப்பமானியை மட்டும் மறக்காமல் கேட்டுப் பாருங்கள்.