"போயிட்டு இருக்கு அண்ணா" என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை, டீமை எப்படி நடத்துவது?

பில்டு_உடைஞ்சிருச்சு:
மார்ச்சிலிருந்து நான் டீம் லீட், அதற்கு முன் ஆறு வருஷம் புரோகிராம் கோடு எழுதியது மட்டும்தான். என்னோடு சேர்த்து ஏழு பேர். மூன்று பேர் சென்னை ஆபீஸ், கோவையில் நானும் இன்னொருவரும், ஒருவர் புனே, ஒரு பையன் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊரில். கிளையன்ட் நியூயார்க். ஏழு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடித்ததுகூட இல்லை.

பிரச்சினை அந்தச் சங்கரன்கோவில் பையன். தினமும் பத்தரை மணி ஸ்டாண்டப்பில் (யார் வேலை எதுவரை வந்தது என்று எல்லோரும் சொல்கிற குட்டி மீட்டிங்) "போயிட்டு இருக்கு அண்ணா, நாளைக்கு முடிஞ்சிரும்". கேமரா எப்போதும் ஆஃப். போன வாரம் ரிலீஸுக்கு முதல் நாள் ராத்திரி எட்டரைக்குத்தான் தெரிகிறது, ரீஃபண்ட் பகுதி ஒன்றுமே ஓடவில்லை, நான்கு நாளாக ஒரே எரரில் மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். நானும் புனேக்காரரும் அந்தப் பகுதியை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தை ரிலீஸ் செய்யவே விடிந்துவிட்டது.

மவுஸ் அசைவையும் ஸ்கிரீனையும் பிடிக்கிற சாஃப்ட்வேர் போடு, சாயங்காலமும் ஒரு ஸ்டாண்டப் வை என்கிறார் மேனேஜர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

ஓஎம்ஆர்_அக்கா:
அந்த சாஃப்ட்வேர் மட்டும் வேண்டாம் தம்பி. பழைய கம்பெனியில் போட்டார்கள். ஒரே வாரம்தான், ஒருத்தன் ஆடுகிற டேபிள் ஃபேனில் மவுஸைக் கட்டிவிட்டுத் தூங்கப் போனான். ரிப்போர்ட்டில் அவன்தான் ஃபர்ஸ்ட்.

உங்கள் பையன் தூங்கவில்லையே, நான்கு நாள் அந்த எரரோடு மல்லுக்கட்டியிருக்கிறான், ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தாலும் எடிட்டர் திறந்துதான் இருந்திருக்கும். தப்பு நீங்கள் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. "முடிஞ்சிருமா?" என்றால் நம்மூர்ப் பிள்ளை "முடிஞ்சிரும்" என்றுதான் சொல்லும், பெரியவர் கேட்கும்போது இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. "நேற்று எது ஓடியது, ஸ்கிரீன் ஷேர் பண்ணிக் காட்டு" என்று கேளுங்கள், ரெண்டே நிமிஷம். அப்புறம், ரெண்டு நாளுக்கு மேல் காட்ட ஒன்றுமே இல்லாத அளவுக்கு ஒரு வேலையைக் கொடுத்திருந்தால் அதைப் பிரித்துக் கொடுக்காதது லீடின் தப்பு.

எங்கள் டீமில், ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றில் மாட்டினால் குரூப்பில் எழுதியாக வேண்டும். சும்மா சொன்னால் எவனும் எழுத மாட்டான், அதனால் நானே முதலில் "இந்த டைம்ஸோன் கணக்கு எனக்குச் சுத்தமா புரியல, யாராவது பாருங்க" என்று போட்டேன். பதினைந்து வருஷம் வேலை பார்த்த அக்காவுக்கே புரியவில்லை என்று தெரிந்த பிறகுதான் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தன.

தென்காசி_பஸ்:
நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பையன் நான்தான் அண்ணாச்சி, அதாவது அவனை மாதிரி ஒருவன். கேமரா ஏன் ஆஃப் தெரியுமா? எனக்குப் பின்னால் கொடியில் துணி காயும், ஆச்சி டிவி பார்த்துக்கொண்டு இருப்பாள், கரண்ட் போனால் போன் ஹாட்ஸ்பாட்தான், அதில் வீடியோ போட்டால் பேச்சு அறுந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், ஆபீஸில் மூன்று பேர் ஒரே லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வீடியோ காலில் சேருவார்கள், எதற்கோ சிரிப்பார்கள், எதற்கு என்று நமக்குத் தெரியாது. என்னைப் பார்த்துத்தான் என்றே தோன்றும். அங்கே போய் "எனக்குப் புரியல" என்று எப்படிச் சொல்ல?

எங்கள் லீட் வியாழக்கிழமை தோறும் போன் போட்டார், இருபது நிமிஷம், கொடுத்த வேலை பற்றிப் பேச்சே கிடையாது. மூன்று வாரம் "சாப்பிட்டியா, மழை உண்டா" என்றே ஓடியது. நாலாவது வாரம் நானாகவே கொட்டிவிட்டேன். இன்னொன்றும் செய்தார்: ஆபீஸில் இருப்பவர்களும் தனித்தனி லேப்டாப்பில் ஹெட்செட் போட்டுத்தான் சேர வேண்டும். டீக்கடையில் பேசி முடிவு பண்ணினால் திரும்பி வந்து குரூப்பில் எழுத வேண்டும், எழுதாத முடிவு செல்லாது.

கெர்னல்_தாத்தா:
கடைசி வரியை இன்னும் அழுத்திச் சொல்வேன். லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலை 1991 முதல் நடக்கிறது, உலகம் பூராவும் ஆட்கள், பாதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள், வண்டி ஓடுவது எல்லாருக்கும் மெயில் போகிற மெயிலிங் லிஸ்ட்டில். கிட்லேப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் தலைமை ஆபீஸ் என்று ஒன்று கிடையாது, வேலை நடக்கிற முறையைப் பொதுவெளியிலேயே கையேடாக எழுதி வைத்திருக்கிறார்கள், போய்ப் படியுங்கள். போனில் பேசுவது நல்லதுதான், ஆனால் போனில் முடிவு பண்ணாதீர்கள், காற்றோடு போய்விடும்.

ஊரில் இருக்கிறவனுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் 2010 கடைசியில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கலஸ் புளூம் குழு ஒன்பது மாதம் பரிசோதித்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த கால் சென்டர் ஆட்களின் வேலை 13% கூடியது, ஆனால் வேலைத்திறனை வைத்துப் பார்த்தால் அவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது குறைவு. போன் கால்களை எண்ணுகிற மாதிரி கோடு எழுதும் வேலையை எண்ண முடியாது என்பது வேறு விஷயம். அப்ரைசல் சமயத்தில் யார் முகம் முதலில் ஞாபகம் வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, நியூயார்க்கில் காலை ஒன்பது மணி மீட்டிங் இப்போது உங்களுக்கு ஆறரை என்றால் நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு ஏழரை, அன்றைக்கு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் நம் ஆட்கள்தான் நகர்ந்து கொடுக்கிறார்கள். இப்போதே பேசி, குளிர்காலம் முழுக்க அவர்களை எட்டு மணிக்கு வரச் சொல்லுங்கள். கேட்டால் வருவார்கள், நாம்தான் கேட்பதில்லை.

பில்டு_உடைஞ்சிருச்சு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் போன் போட்டேன். பத்து நிமிஷம் அவன் அப்பாவின் பூந்தோட்டம் பற்றியே போனது. அப்புறம் மெல்ல வந்தது விஷயம். அந்த எரர் கோடில் இல்லையாம், டெஸ்ட் அக்கவுன்ட்டுக்கு ரீஃபண்ட் பண்ண அனுமதியே இல்லை, அதைத் தராமல் எந்தக் கோடு எழுதினாலும் "அனுமதி இல்லை" என்கிற 403 எரர்தான் வரும். அனுமதி கேட்டு முதல் நாளே மெயில் போட்டிருக்கிறான். யாருக்கு? எனக்கு. ரிலீஸ் மெயில் குவியலில் படிக்காமல் கிடந்தது. "மறுபடி கேட்டா தொந்தரவா இருக்குமோன்னு நாலு நாள் வேற வழி தேடிப் பார்த்தேண்ணா" என்கிறான். எனக்குப் பேச்சே வரவில்லை. நாளைக்கு மேனேஜரிடம் இதை அப்படியே சொல்லப் போகிறேன், என்ன ஆகிறது பார்ப்போம்.

தென்காசி_பஸ்:
அந்த ஆக்சஸ் குடுத்தாச்சா அண்ணாச்சி?

பில்டு_உடைஞ்சிருச்சு:
ஐயோ. ஒரு நிமிஷம்.