நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல்: திடப்படுத்தல் வகுப்பில் எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஞாயிறுபள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தமாகும் வகுப்பு, நடக்கிறது. பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயது. இரட்சிப்பு பற்றிய பாடத்துக்கு மூன்று வாரம், வாரத்துக்கு 45 நிமிஷம்தான் கிடைக்கும்.

அவர்கள் கேட்பது இவை. எபேசியர் 2:8 "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்கிறது, பிலிப்பியர் 2:12 "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறது. அப்படியானால் இரட்சிப்பு முடிந்ததா, முடியவில்லையா? நீதிமானாக்கப்பட்ட பிறகும் ஏன் கோபமும் பொய்யும் வருகின்றன? எபிரெயர் 12:14 "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே" என்று சொல்கிறதே, எவ்வளவு பரிசுத்தம் இருந்தால் போதும்?

"நீதிமானாக்கப்படுவது ஒரு நொடியில், பரிசுத்தமாகுதல் வாழ்நாள் முழுவதும்" என்ற சூத்திரம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டு மறுவாரம் அதே கேள்வியோடு வருகிறார்கள். வசனங்களிலிருந்தே விளக்க வழி உண்டா? நித்தியஜீவனை இந்த வரிசையில் எங்கே வைப்பது?

---

மூலமொழி மாணவன்:

சகோதரி, இந்தக் குழப்பத்தில் பாதி நம் தமிழ்ச் சொற்களிலிருந்தே வருகிறது. நீதிமானாக்குதல், பரிசுத்தமாக்குதல் இரண்டிலும் "ஆக்கு" இருக்கிறது. களிமண்ணைப் பானையாக்குவதுபோல ஆளின் குணத்தையே மாற்றிவிடுவது என்றுதான் இரண்டும் காதில் விழும். மூலத்தில் இவை வெவ்வேறு இடத்துச் சொற்கள். முதலாவது நியாயாசனத்துக்குரியது, இரண்டாவது ஆலயத்துக்குரியது.

இதை நிரூபிக்கக் கிரேக்கம் வேண்டாம், நம் பழைய மொழிபெயர்ப்பே போதும். நீதிமொழிகள் 17:15 துன்மார்க்கனை "நீதிமானாக்குகிறவனும்", நீதிமானைக் "குற்றவாளியாக்குகிறவனும்" கர்த்தருக்கு அருவருப்பானவர்கள் என்கிறது. கெட்டவனைத் திருத்தி நல்லவனாக்குவது எப்படி அருவருப்பாகும்? ஆகவே இங்கே அந்தச் சொல்லுக்கு "நீதிமான் என்று தீர்ப்புச் சொல்வது" என்பதே பொருள். உபாகமம் 25:1-ல் மொழிபெயர்ப்பாளர்கள் இதை வெளிப்படையாகவே "நீதிமானை நீதிமான் என்றும்" தீர்க்கக்கடவர்கள் என்று எழுதிவிட்டார்கள். லூக்கா 7:29 இன்னும் தெளிவு. ஜனங்கள் "தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்" என்று அங்கே வாசிக்கிறோம். ரோமரில் பவுல் நம்மைப் பற்றிச் சொல்லும் அதே கிரேக்க வினைதான் அங்கும் நிற்கிறது. தேவனை யாரும் நீதிமானாக மாற்ற முடியாதே!

வகுப்பில் ஒரு கூர்மையான பிள்ளை உடனே மடக்கும்: "கர்த்தருக்கு அருவருப்பான காரியத்தை ரோமர் 4:5-ல் கர்த்தரே செய்கிறாரே, 'பாவியை நீதிமானாக்குகிறவர்' என்று போட்டிருக்கிறதே?" அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள், சுவிசேஷத்தின் நடு மையம் அதுதான். பதில் ரோமர் 3:25, 26-ல் இருக்கிறது. பாவத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுக் கொடுத்த தீர்ப்பல்ல அது. கிறிஸ்துவைக் கிருபாதாரபலியாக, அதாவது பாவத்துக்குப் பரிகாரமான பலியாக, ஏற்படுத்தியதால், தேவன் தாமும் நீதியுள்ளவராக இருந்துகொண்டே நீதிமானாக்குகிறார். சிலுவையைச் சொல்லாமல் நீதிமானாக்கப்படுதலை மட்டும் சொன்னால் அது லஞ்சம் வாங்கிய நீதிபதியின் தீர்ப்புபோல் ஆகிவிடும்.

அடுத்து பரிசுத்தம். இதன் அடிப்படைப் பொருள் பிரித்தெடுத்தல். ஆலயத்துப் பாத்திரத்தை முதலில் தேவனுக்கென்று பிரித்து வைப்பார்கள், பிறகு அது அதற்குரிய விதத்திலேயே புழங்கும். கொரிந்து சபையில் பிரிவினை இருந்தது, ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். ஆனாலும் 1 கொரிந்தியர் 1:2 அவர்களை "பரிசுத்தமாக்கப்பட்டவர்கள்" என்றே அழைக்கிறது. அதனால் உங்கள் சூத்திரத்தின் பின்பாதியில் ஒரு குறை இருக்கிறது: பரிசுத்தமாக்கப்படுதலிலும் முடிந்த ஒரு பகுதி உண்டு. எபிரெயர் 10-ஐத் திறந்து பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 10-ம் வசனத்தில் "பரிசுத்தமாக்கப்பட்டிருக்கிறோம்", 14-ம் வசனத்தில் "பரிசுத்தமாக்கப்படுகிறவர்களை". பாத்திரம் ஏற்கெனவே அவருடையது, கறை நீங்குவதோ தொடர்ந்து நடக்கிறது.

இரட்சிப்பு என்ற சொல் இவை எல்லாவற்றுக்கும் குடை. எபேசியர் 2:8-ல் அது இறந்தகாலம். 1 கொரிந்தியர் 1:18-ல் "இரட்சிக்கப்படுகிற நமக்கோ" என்று நிகழ்காலம். ரோமர் 5:9-ல் கோபாக்கினைக்கு நீங்கலாக "இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே" என்று எதிர்காலம். பிலிப்பியர் 2:12-ஐ இந்தப் பின்னணியில் வாசியுங்கள். பவுல் "உங்கள் இரட்சிப்பு" என்கிறார், அது ஏற்கெனவே அவர்களுடையது. பட்டா கையில் இருக்கிற நிலத்தில் பாடுபடுவதும், பாடுபட்டுப் பட்டா வாங்குவதும் ஒன்றல்ல. 12-ஐ மட்டும் மனப்பாட வசனமாகக் கொடுப்பதுதான் பெரிய தவறு. 13-ம் வசனம் "ஏனெனில்" என்று தொடங்கி, விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது. அந்த "ஏனெனில்" போனால் நடுக்கம் மட்டும்தான் மிஞ்சும்.

---

பாளை உபதேசியார்:

மேலே சொன்னது சரி. ஆனால் இரண்டாம் வாரம் பிள்ளைகள் கேட்கப்போவது "சரி ஐயா, கோபம் வந்தால் என்ன செய்ய?" என்பதைத்தான். அதற்கு எபேசியர் 4:25-32-ஐ விடச் சிறந்த பாடம் இல்லை. பவுல் அங்கே பெரும்பாலும் மூன்று துண்டாகப் பேசுகிறார்: எதைக் களைவது, அந்த இடத்தில் எதைத் தரிப்பது, ஏன்.

28-ம் வசனத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். திருடுகிறவன் இனித் திருடாமல் (களைவது), தன் கைகளினால் நலமான வேலைசெய்து (தரிப்பது), குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாக (ஏன்). திருட்டை நிறுத்தியவன் பாதி வழியில்தான் நிற்கிறான். எடுத்த கை கொடுக்கிற கையாகும்போதுதான் பரிசுத்தம் உருவெடுக்கிறது. பொய்க்கு 25-ம் வசனம், கெட்ட வார்த்தைக்கு 29. கோபத்துக்கு 26 சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் என்று கெடுவே வைத்திருக்கிறது, 31, 32 அதன் இடத்தில் மன்னிப்பை வைக்கின்றன. 32-ல் "ஏன்" என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்: கிறிஸ்துவுக்குள் தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல. நியாயாசனத்தில் கேட்ட தீர்ப்பு இங்கே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பாவத்தைப் பெயர் சொல்லி எடுக்கட்டும். "என் கெட்ட குணம் எல்லாம்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. "தம்பியிடம் கத்துவது" என்று எழுதினால் வேலை தொடங்கும். தாளை யாரும் வாங்கிப் பார்க்க வேண்டாம், அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

வழக்கமாகத் தவறிப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, களைவதோடு நிறுத்திவிடுவது. மத்தேயு 12:43-45-ல் அசுத்த ஆவி போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தும் காலியாக இருந்ததால் ஏழு ஆவிகள் கூட வந்தன. உபவாச நாட்களில் விட்ட பழக்கம் பண்டிகை முடிந்ததும் இரட்டிப்பாகத் திரும்புவது இதனால்தான். இரண்டு, கட்டளையில் தொடங்குவது. ரோமர் நிருபத்தில் வாசகருக்கு நேராக வரும் முதல் கட்டளை 6:11-ல்தான். ஐந்து அதிகாரம் முழுக்கத் தேவன் செய்ததைச் சொல்லி முடித்துவிட்டே பவுல் ஏவலுக்கு வருகிறார். அந்த முதல் ஏவலும் "செய்" அல்ல, "எண்ணிக்கொள்ளுங்கள்". 4-ம் அதிகாரத்தில் ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக "எண்ணப்பட்டது" என்று வந்த அதே சொல். தேவன் எண்ணியதை நாமும் எண்ணத் தொடங்குவதுதான் பரிசுத்தத்தின் முதல் அடி. ரோமர் 8:13-ம் "ஆவியினாலே" சரீரத்தின் செய்கைகளை அழிக்கச் சொல்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அழிக்க முடியாது, சும்மா உட்கார்ந்தும் அழியாது.

எபிரெயர் 12:14-க்குச் சுருக்கமாக: "நாடுங்கள்" என்பதற்கு மூலத்தில் துரத்திக்கொண்டு ஓடுதல் என்ற பொருள். வசனம் அளவு கேட்கவில்லை, திசை கேட்கிறது. நாலு வசனத்துக்கு முன்பே, 10-ல், நாம் அவருடைய பரிசுத்தத்துக்குப் பங்குள்ளவர்களாகும்படி பிதா சிட்சிக்கிறார் என்று இருக்கிறது. பரிசுத்தத்தில் அக்கறையே இல்லாதவனுக்கு அந்த வசனம் எச்சரிப்பு. விழுந்து எழுந்து அழுகிற பிள்ளையை அதைக்கொண்டு அடிக்கக் கூடாது.

---

ஞாயிறுபள்ளி ஆசிரியை:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. இரண்டு சந்தேகம் மிச்சம். யாக்கோபு 2:24 "கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்" என்கிறதே? அதோடு, சில பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார்கள். அங்கே வேறு மாதிரிச் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்கிறார்கள். வேறு சிலர் வீட்டில் பெந்தெகொஸ்தே சபைக்கும் போகிறார்கள்.

---

சபை வரலாறு வாசகர்:

யாக்கோபு எந்த நிகழ்ச்சியைச் சுட்டுகிறார் என்று பாருங்கள். பவுல் ரோமர் 4-ல் ஆதியாகமம் 15-ல் நிற்கிறார், ஆபிரகாம் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து விசுவாசித்த இரவு. யாக்கோபு 2:21 ஆதியாகமம் 22-க்கு, ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த நாளுக்குப் போகிறது. நடுவில் ஈசாக்கு பிறந்து விறகு சுமக்கும் வயதுக்கு வளர்ந்தாகிவிட்டது. முதல் நாளில் கிடைத்த தீர்ப்பு உண்மையானது என்று இரண்டாம் நாள் காட்டியது. பவுல் எதிர்ப்பது கிரியையைக் கூலிக்குச் செய்கிறவனை, யாக்கோபு எதிர்ப்பது "விசுவாசம் உண்டு" என்று வாயால் மட்டும் சொல்கிறவனை.

கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் முதலில் சொற்களைப் பொருத்துங்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ம் ஆண்டுத் திருவிவிலியத்தில் இரட்சிப்பு "மீட்பு", நீதிமானாக்கப்படுதல் "ஏற்புடையவராதல்", நித்தியஜீவன் "நிலைவாழ்வு". பெயரைத் தவிர உள்ளேயும் ஒரு வேறுபாடு உண்டு. 1547 ஜனவரி 13-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரிதெந்து சங்கம் தன் ஆறாம் அமர்வில், ஏற்புடையவராதல் பாவமன்னிப்பு மட்டுமல்ல, உள்ளான மனிதன் புனிதமாகிப் புதுப்பிக்கப்படுவதும் அதில் அடங்கும் என்று வரையறுத்தது. நாம் இரண்டு சொல்லில் பிரிப்பதை அவர்கள் ஒரே சொல்லில் வைக்கிறார்கள். கிரியையால் இரட்சிப்பை வாங்கலாம் என்று அவர்கள் போதிப்பதாகச் சொல்வது நியாயமல்ல. கிருபையில்லாமல் தன் கிரியையால் மனிதன் ஏற்புடையவனாக முடியும் என்பதை அதே சங்கத்தின் முதல் விதியே கண்டிக்கிறது. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-ல் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் 16-ம் நூற்றாண்டின் பரஸ்பரக் கண்டனங்கள் இந்த அறிக்கையில் சொல்லப்பட்ட போதனைக்குப் பொருந்தா என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

சி.எஸ்.ஐ.க்குள்ளேயே பரிசுத்தமாகுதல் பற்றி ஒரே குரல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாயின. ஆங்கிலிக்கன் சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 9-வது, மறுபிறப்படைந்தவர்களிலும் சுபாவக்கேடு தங்கியிருக்கிறது என்கிறது. 1784-ல் அமெரிக்க மெதடிஸ்டுகளுக்காக அவற்றைச் சுருக்கிய ஜான் வெஸ்லி, மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கியவர், அந்தப் பகுதியை விட்டுவிட்டார். அன்பில் பூரணப்படுவது இம்மையிலேயே கூடும் என்பது அவர் போதனை. பின்னாள் பரிசுத்த இயக்கங்கள் சொன்ன "இரண்டாம் ஆசீர்வாதம்", அதாவது மனந்திரும்பிய பிறகு தனியாகக் கிடைக்கும் பரிசுத்த அனுபவம், அந்த வேரிலிருந்து முளைத்தது. பெந்தெகொஸ்தே சபைகளில் பலவற்றுக்கும் அங்கிருந்தே வரலாறு தொடங்குகிறது. அதனால் அந்தப் பிள்ளைகளிடம் "உங்கள் சபை தவறு" என்று சொல்ல வேண்டிய அவசியமில்லை. 1 யோவான் 1:8-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். "நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்" என்று விசுவாசிகளுக்குத்தான் எழுதியிருக்கிறது.

---

மூலமொழி மாணவன்:

நித்தியஜீவன் விட்டுப்போயிற்று. ரோமர் 6:22 வரிசையையே கொடுத்துவிடுகிறது: பாவத்தினின்று விடுதலை, "பரிசுத்தமாகுதல் உங்களுக்குக் கிடைக்கும் பலன், முடிவோ நித்தியஜீவன்." ஆனால் இதை மட்டும் சொன்னால் நித்தியஜீவன் செத்த பிறகு கிடைப்பது என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். யோவான் 5:24-ஐ உடன் வையுங்கள். விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் "உண்டு", அவன் மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்கு "உட்பட்டிருக்கிறான்". வருங்காலத்தின் ஜீவன் இன்றே தொடங்கிவிட்டது. யோவான் 17:3 அதன் உள்ளடக்கத்தைச் சொல்கிறது: பிதாவையும் கிறிஸ்துவையும் அறிவதே அது. நீளம் அதன் ஒரு குணம்தான். இங்கே ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். ஆத்துமா மட்டும் மோட்சத்தில் மிதப்பது அல்ல நம் நம்பிக்கை. அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில் நித்தியஜீவனுக்குச் சற்று முன் "சரீரம் உயிர்த்தெழுதல்" இருக்கிறது. ஞாயிறுதோறும் சொல்கிறார்கள், கவனிப்பதில்லை. பிலிப்பியர் 3:21 சேர்த்து வாசியுங்கள்.

நிச்சயம் பற்றியும் கேட்பார்கள். "எந்த வருஷம் இரட்சிக்கப்பட்டாய்?" என்று நம் பக்கத்தில் கேட்பது வழக்கம். முகாமில் கை உயர்த்திய தேதி நினைவில்லாத பிள்ளை அதில் ஒடுங்கிப்போகும். நித்தியஜீவன் உண்டென்று அறியும்படி எழுதுகிறேன் என்று 1 யோவான் 5:13 சொல்கிறது, ஆனால் அந்த நிருபம் எங்கும் தேதி கேட்கவில்லை. இயேசுவே கிறிஸ்து என்று விசுவாசிக்கிறாயா (5:1), அவர் கற்பனைகளைக் கைக்கொள்ளுகிறாயா (2:3), சகோதரரிடத்தில் அன்புகூருகிறாயா (3:14) என்றே கேட்கிறது.

உங்கள் மூன்று வாரத்துக்கு: முதல் வாரம் நீதிமொழிகள் 17:15-ல் தொடங்கி ரோமர் 3, 4. இரண்டாம் வாரம் எபிரெயர் 10-ல் பத்து நிமிஷம், மீதி நேரம் எபேசியர் 4. மூன்றாம் வாரம் யோவான் 5, விசுவாசப்பிரமாணத்தின் கடைசி வரிகள், 1 யோவானின் மூன்று கேள்விகள். யாக்கோபுவை முதல் வாரத்தில் எடுக்க வேண்டாம், எபேசியர் 4 முடிந்த பிறகு எடுத்தால் ஐந்து நிமிஷத்தில் புரியும். மனப்பாடத்துக்கு ரோமர் 6:22-ஐயும் 23-ஐயும் சேர்த்தே கொடுங்கள். 22-ல் பலன் என்று கேட்ட காது அதைக் கூலி என்று எடுத்துக்கொள்ளும். 23-ல் சம்பளம் என்ற சொல் மரணத்துக்குத்தான் வருகிறது, நித்தியஜீவனுக்கு வருவது "கிருபைவரம்".